குளூட்டமேட், மயலின், எம்.எஸ். நோய்: நீடாமங்கலம் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பன்னிரண்டாம் வகுப்புக்கு விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். மருத்துவன் இல்லை. என் அக்கா மகளுக்கு 27 வயதில் மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., வந்தது. அன்றிலிருந்து டீக்கடையிலும் கல்யாணப் பந்தியிலும் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் கேட்கப்பட்ட கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். நடுவில் யாரோ வாட்ஸாப்பில் "குளூட்டமேட்தான் மூளையைத் தின்கிறது" என்று ஒரு செய்தியைக் கிளப்பிவிட்டார்கள். அதனால் பாதிக் கேள்விகள் குளூட்டமேட்டைச் சுற்றியே இருக்கும்.

எம்.எஸ். என்றால் என்ன சார்? பக்கவாதம் மாதிரியா?

இல்லை. பக்கவாதத்தில் ரத்தக்குழாய் அடைக்கும் அல்லது வெடிக்கும். எம்.எஸ்.ஸில் நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளை, தண்டுவடம், கண் நரம்பு ஆகியவற்றில் உள்ள மயலின் உறையைத் தாக்குகிறது. மயலின் என்பது நரம்பிழையைச் சுற்றியிருக்கும் கொழுப்புச் சுருள். பம்புசெட் ஒயரின் மேல் ரப்பர் இருக்கிறதே, கிட்டத்தட்ட அதேதான். எலி கொறித்த ஒயரில் மோட்டார் எப்படி ஓடும்? ஒரு நேரம் ஓடும், ஒரு நேரம் நிற்கும், சில நேரம் முக்கி முனகும். மயலின் உள்ள தடித்த இழைகளில் செய்தி வினாடிக்கு 100 மீட்டர் வரை பாயும். மயலின் இல்லாத மெல்லிய இழைகளில் 1 மீட்டர் அளவுதான்.

எங்கள் பெண்ணுக்கு முதலில் வந்தது கண்ணில். ஒரு வெள்ளிக்கிழமை காலை கண்ணாடி முன் நின்றுகொண்டு, "மாமா, இந்தக் குங்குமம் வெளுத்துப்போச்சா? செங்கல் பொடி மாதிரி தெரியுது" என்றாள். ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் சிவப்பு, மறு கண்ணை மூடிப் பார்த்தால் செங்கல். விழியை உருட்டினால் வலி. கண் நரம்பு வீங்கும்போது சிவப்பு நிறம்தான் முதலில் மங்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. போன இடத்தில் பவர் மாற்றிக் கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் கண் தானாகச் சரியாகிவிட்டது, நாங்களும் மறந்துவிட்டோம். அடுத்த வருஷம் பொழுது சாயும் நேரத்தில் வரப்பில் நடக்கும்போது கால் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை என்றாள். பகலில் கண்ணால் பார்த்துச் சமாளித்திருக்கிறாள், இருட்டியதும் முடியவில்லை. அப்புறம்தான் எம்.ஆர்.ஐ.

தமிழில் 'தண்டுவட மரப்பு நோய்' என்று ஒரு பெயர் இருக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. மூளையை விட்டுவிட்டுத் தண்டுவடத்தை மட்டும் சொல்கிறது. டாக்டரும் எம்.எஸ். என்கிறார், மருந்துக் கடைக்காரரும் எம்.எஸ். என்கிறார். நாமும் அப்படியே சொல்வோம்.

1868-இல் பாரிஸில் ழான் மார்ட்டின் ஷார்க்கோ என்ற மருத்துவர் இதைத் தனி நோயாக வகைப்படுத்தினார். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகம்.

குளூட்டமேட் என்பது அஜினோமோட்டோதானே? அதைச் சாப்பிட்டதால் வந்ததா?

என்னிடம் அதிகம் கேட்கப்படுவது இதுதான். ஃப்ரைடு ரைஸ் கடை வைத்திருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் பயந்துபோய் ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்தான்.

பெயர் ஒன்றுதான், மறுக்கவில்லை. குளூட்டமேட்டின் அமில வடிவமான குளூட்டமிக் அமிலத்தை 1866-இல் கோதுமைப் புரதத்திலிருந்து பிரித்தவர் ரிட்ஹவுசன் என்ற ஜெர்மானியர். 1908-இல் ஜப்பானில் கிகுனே இகேடா, கடல்பாசி சூப்புக்கு அந்த ருசியைக் கொடுப்பது இதுதான் என்று கண்டறிந்து, அதன் சோடியம் உப்பைத் தயாரிக்கும் வழியைச் சொன்னார். அதுதான் அஜினோமோட்டோ. ஆனால் குளூட்டமேட் அந்தப் பாக்கெட்டில் மட்டும் இல்லை. தக்காளி ரசத்தில் இருக்கிறது, காளானில் இருக்கிறது, தாய்ப்பாலில் நிறையவே இருக்கிறது. நாம் தின்னும் பருப்பின் புரதத்திலும் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

வாயில் போடும் குளூட்டமேட்டின் பெரும்பகுதியைக் குடல் சுவரே எரிபொருளாக எரித்துவிடும். மிஞ்சி ரத்தத்தில் சேர்வதையும் ரத்த-மூளைத் தடுப்பு என்ற காவல் அமைப்பு எளிதில் உள்ளே விடாது. மூளைக்கு வேண்டிய குளூட்டமேட்டை மூளையே தயாரித்துக்கொள்கிறது. வெளியூர்ச் சரக்கு அங்கே செல்லாது. அஜினோமோட்டோவால் எம்.எஸ். வரும் என்று யாரும் நிரூபித்ததில்லை. அந்த மாணவனிடம், "உப்பையும் எண்ணெயையும் குறை, அதுதான் உன் வாடிக்கையாளருக்கு நல்லது" என்றேன். குறைத்தானா தெரியாது.

அப்போ மூளையில் அது என்ன செய்கிறது?

செய்தி சொல்கிறது. ஒரு நரம்புச் செல் இன்னொன்றைத் தூண்ட மூளை அதிகம் நம்பியிருக்கும் ரசாயனம் குளூட்டமேட்தான். இந்த வரியை நீங்கள் படிக்கும்போதும் உங்கள் மூளையில் அது சுரந்துகொண்டிருக்கிறது. செல்லுக்குள் ஏராளமாக இருக்கும். செல்லுக்கு வெளியே பல ஆயிரம் மடங்கு குறைவாக இருக்கும், இருக்க வேண்டும். ஒரு துளி வெளியே வரும், எதிர்ச் செல்லில் செய்தி வாங்கும் கதவான ஏற்பியைத் தட்டும், உடனே வாரி எடுக்கப்படும். வாரி எடுப்பவை ஆஸ்ட்ரோசைட் என்ற நட்சத்திர வடிவச் செல்கள். அவை குளூட்டமேட்டை உறிஞ்சி, குளூட்டமைன் என்ற சாதுவான பொருளாக மாற்றி, நரம்புச் செல்லுக்கே திருப்பிக் கொடுக்கின்றன.

நம் பக்கத்தில் இதைப் புரியவைப்பது சுலபம். மூணாறு தலைப்பு என்ற மதகணையில் ஷட்டரைத் திறந்தால் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று தண்ணீர் பிரிகிறது. வாய்க்கால், மதகு, மடை எல்லாம் வரவுக்கு. வடிகால் என்று ஒன்று செலவுக்கு. மேட்டூர் திறக்கும் ஜூன் 12-ஐ எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். வடிகால் தூர்வாரிய தேதியை யாராவது நினைவில் வைத்திருக்கிறோமா? மூளையிலும் குளூட்டமேட்டின் வடிகால்தான் ஆஸ்ட்ரோசைட்.

நரம்புக்கு நரம்பு பேசுவது சரி. மயலினுக்கு இதில் என்ன வேலை?

ரொம்ப நாள் ஒரு வேலையும் இல்லை என்றுதான் நினைத்தார்கள். நான் பாடம் நடத்திய காலத்திலும் மயலினை வெறும் உறை என்றே சொல்லிக் கொடுத்தேன். அது உயிருள்ள பொருள், ஒலிகோடெண்ட்ரோசைட் என்ற செல்லின் கை. ஒரு செல் பல கைகளை நீட்டி, நாற்பது ஐம்பது இடங்களில்கூட நரம்பிழைகளைச் சுற்றிக்கொள்ளும். அதனால் ஒரு செல் செத்தால் பல இழைகள் ஒரே நேரத்தில் அம்மணமாகின்றன.

இந்தச் செல்லுக்குக் காது உண்டு. குளூட்டமேட்டைக் கேட்கும் ஏற்பிகள் அதன் மேல் இருக்கின்றன: ஆம்பா, கைனேட் என்று இரண்டு வகை. அவற்றோடு என்.எம்.டி.ஏ. என்ற மூன்றாவது வகையும் மயலினிலேயே இருக்கிறது என்று 2005, 2006-இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் காட்டின. எதற்காக? நரம்பிழை வேலை செய்யும்போது குளூட்டமேட் கசிகிறது. மயலின் அதைக் கேட்டு, 'இவன் உழைக்கிறான், சாப்பாடு வேண்டும்' என்று புரிந்துகொண்டு, தன் மேற்பரப்பில் சர்க்கரை உள்ளே வரும் வாசல்களைக் கூட்டுகிறது. அந்தச் சர்க்கரையை லாக்டேட்டாக மாற்றி இழைக்கு ஊட்டுகிறது. எலிகளில் ஒலிகோடெண்ட்ரோசைட்டின் என்.எம்.டி.ஏ. ஏற்பியை எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். 2016-இல் வெளியான முடிவு இது: சின்ன வயதில் மயலின் உருவாவது தாமதமானது, வயதானதும் நரம்பிழைகள் நலிந்தன. உறை இருந்தும் ஊட்டம் குறைந்தது.

ஒயர் உவமை இங்கே உடைகிறது, ரப்பர் எங்கே செம்புக்கம்பிக்குச் சோறு போடுகிறது? நடவு வயலுக்கு வந்துவிடலாம்.

இன்னொன்றும் உண்டு. வளர்ந்த மூளையிலும் முன்னோடிச் செல்கள் என்று ஒரு கூட்டம் நாற்றங்கால் மாதிரி காத்திருக்கிறது. தேவைப்பட்டால் இவைதான் புது ஒலிகோடெண்ட்ரோசைட்டாக முதிரும். நரம்பிழைகள் இந்தச் செல்களோடு நேரடி இணைப்பு வைத்து, குளூட்டமேட் மூலமே பேசுகின்றன என்று 2000-இல் தெரியவந்தது.

இவ்வளவு நல்லது செய்வது எப்போது கெட்டதாகிறது?

வடியாதபோது.

ஐப்பசி, கார்த்திகையில் சம்பா நாற்று நட்டு வேர் பிடிக்கிற நேரத்தில் அடைமழை பிடிக்கும். தண்ணீரைக் குற்றம் சொல்ல முடியாது, அதே தண்ணீர்தான் நாற்றை வளர்த்தது. வடிகாலில் ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் மண்டிக் கிடந்தால் தண்ணீர் வயலிலேயே நிற்கும். ஐந்தாறு நாளில் குருத்து அழுகும்.

எம்.எஸ். புண்ணிலும், அதாவது மயலின் சிதைந்த இடத்திலும், இதுதான் நடக்கிறது, வரவும் கூடுகிறது வடிகாலும் அடைகிறது. எதிர்ப்புச் செல்கள் உள்ளே புகுந்ததும் மூளையின் சொந்தக் காவல் செல்களான மைக்ரோக்ளியா கிளர்ந்தெழுந்து தங்கள் பங்குக்குக் குளூட்டமேட்டை வெளியே தள்ளுகின்றன. சிதைந்த நரம்பிழையும் கசியவிடுகிறது. அதே நேரத்தில் ஆஸ்ட்ரோசைட்டின் உறிஞ்சும் பம்புகள் குறைகின்றன. ஏற்பிகள் மூடவே நேரமில்லாமல் திறந்து கிடக்கின்றன. அவற்றின் வழியே கால்சியம் வெள்ளமாக உள்ளே வருகிறது. கால்சியம் மிகுந்தால் செல்லின் சொந்த நொதிகளே செல்லை அறுக்க ஆரம்பிக்கும், செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா படுத்துவிடும். ஒலிகோடெண்ட்ரோசைட் ஏற்கெனவே இரும்பு அதிகமும் ஆக்ஸிஜன் நச்சைத் தாங்கும் திறன் குறைவுமான செல். முதல் பலிகளில் அதுவும் ஒன்று.

இப்படி மிகையாகத் தூண்டிச் சாகடிப்பதை முதலில் கவனித்தது கண்ணில்தான். 1957-இல் லூகாஸ், நியூஹவுஸ் என்ற இருவர் எலிக்குட்டிகளுக்குக் குளூட்டமேட் ஊசி போட, விழித்திரை செல்கள் செத்தன. 1969-இல் ஜான் ஆல்னி மூளையிலும் இதைக் கண்டார். ஊசியில், பெரிய அளவில், பிறந்த குட்டிகளுக்கு. அந்தச் செய்தி ஊர் சுற்றி வரும்போது இந்த மூன்று சொற்களும் உதிர்ந்து, "அஜினோமோட்டோ மூளையைத் தின்னும்" என்பது மட்டும் மிஞ்சியது.

எம்.எஸ். நோயாளிகளிடம் இதைப் பார்த்திருக்கிறார்களா, இல்லை எலியோடு சரியா?

இரண்டும் உண்டு. எம்.எஸ். போன்ற நோயை உண்டாக்கிய எலிகளுக்கு ஆம்பா ஏற்பியை அடைக்கும் மருந்தைக் கொடுத்து, நடை தேறியதாகவும் ஒலிகோடெண்ட்ரோசைட்டுகள் பிழைத்ததாகவும் இரண்டு குழுக்கள் 2000-இல் அறிவித்தன. இதில் கவனிக்க வேண்டியது, அழற்சி குறையவில்லை. எதிரி உள்ளே இருந்தும் செல் தப்பித்திருக்கிறது. குளூட்டமேட் நாற்றங்காலோடு பேசுகிறது என்ற செய்தி வந்த அதே வருஷம்தான் அது கொல்கிறது என்ற செய்தியும் வந்தது என்பது எனக்கு இன்றும் வேடிக்கையாக இருக்கும்.

மனிதர்களில், எம்.ஆர்.ஐ. இயந்திரத்திலேயே ரசாயன அளவைப் பார்க்கும் ஸ்பெக்ட்ரோஸ்கோபி என்ற முறை இருக்கிறது. 2005-இல் வெளியான ஆய்வில் புதிய, கொதிக்கிற புண்களில் குளூட்டமேட் கூடியிருந்தது. பழைய புண்களில் அப்படி இல்லை.

ரத்தத்தில் குளூட்டமேட் டெஸ்ட் எடுக்கலாமா?

வேண்டாம். ரத்தத்தின் அளவு மூளைப் புண்ணின் அளவைச் சொல்லாது. காசு மிச்சம். எடுக்க வேண்டியதை டாக்டர் எழுதுவார்: எம்.ஆர்.ஐ., சில நேரம் முதுகுத் தண்டு நீர். பி12 குறைவும் மயலினைக் கெடுக்கும் என்பதால் அதையும் பார்ப்பார்கள். அக்வாபோரின்-4 என்ற எதிர்ப்பொருள் சோதனையும் முக்கியம். என்.எம்.ஓ. என்ற வேறொரு நோய் எம்.எஸ். மாதிரியே வேஷம் போட்டு வரும், எம்.எஸ்.ஸின் சில மருந்துகள் அதை மோசமாக்கும்.

குளூட்டமேட்டை அடைக்கிற மருந்து கொடுத்து முடித்துவிடலாமே?

எல்லோரும் இப்படித்தான் நினைத்தார்கள். ரிலுசோல் என்ற மருந்து குளூட்டமேட் வெளியாவதைக் குறைக்கும். ஏ.எல்.எஸ். என்ற வேறு நரம்பு நோய்க்கு 1995 முதல் இருக்கிறது. பிரிட்டனில் முற்றிய கட்ட எம்.எஸ். உள்ள 445 பேரை வைத்து ரிலுசோலையும் வேறு இரண்டு மருந்துகளையும் 96 வாரம் சோதித்தார்கள். 2020-இல் முடிவு வந்தது. மூளை சுருங்குவதை மூன்றுமே குறைக்கவில்லை.

ஏன் என்பதற்கு என் எளிய புரிதல் இது. வெள்ளம் வந்தது என்று கல்லணையையே மூடினால் கடைமடை காயும். என்.எம்.டி.ஏ. ஏற்பியை முழுக்க அடைத்தால் என்ன ஆகும் என்று மயக்க மருந்து டாக்டரைக் கேளுங்கள். கெட்டமின் அந்த வேலையைத்தான் செய்கிறது, ஆள் இல்லாத இடத்தில் ஆள் தெரியும். ஆம்பா ஏற்பியை அடைக்கும் பெராம்பனெல் வலிப்புக்குத் தருகிறார்கள், அதிலும் தலைசுற்றல், எரிச்சல், கோபம். எல்லாவற்றுக்கும் மேலாக, மயலின் இழந்த இழை தன்னைத் திரும்ப மூடச் சொல்லி முன்னோடிச் செல்லைக் கூப்பிடுவதும் குளூட்டமேட்டால்தான். 2015-இல் எலிகளில் காட்டினார்கள்: அந்தப் பேச்சை அடைத்தால் மயலின் திரும்ப வளர்வது குறைகிறது. கொல்வதும் அதுதான், வைத்தியரைக் கூப்பிடுவதும் அதுதான் என்றால் வாயைக் கட்டுவது எப்படி? ஆஸ்ட்ரோசைட்டின் பம்பைக் கூட்டுவது, அதாவது தூர்வாருவது, புத்திசாலித்தனமான வழி என்று எனக்குப் படுகிறது. அதற்கு இன்னும் ஆய்வுக்கூடத்தில்தான் வேலை நடக்கிறது.

அப்போ இப்போது தருகிற மருந்துகள்?

அவை எதிர்ப்புச் சக்தியை அடக்குபவை. திடீர்த் தாக்குதலுக்கு மெத்தில்பிரட்னிசலோன் ஸ்டீராய்டை மூன்று முதல் ஐந்து நாள் நரம்பில் ஏற்றுவார்கள். தாக்குதல் வராமல் தடுக்க இன்டர்ஃபெரான் ஊசி 1993-இல் வந்தது, ஃபிங்கோலிமாட் மாத்திரை 2010-இல், ஓக்ரெலிசுமாப் 2017-இல். எது யாருக்கு என்பதை நரம்பியல் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். சீக்கிரம் ஆரம்பிப்பது நல்லது என்பதை மட்டும் நான் அழுத்திச் சொல்வேன். எங்களுக்கு ஒரு வருஷம் அந்தக் கண்ணாடியில் போனது.

வயலில் அடிக்கிற மருந்தால் வந்திருக்குமா? பரம்பரையா?

பூச்சிமருந்துதான் காரணம் என்று நிறுவப்படவில்லை. கை, மூக்கு மூடாமல் அடிப்பது வேறு பல காரணங்களுக்காகத் தப்பு. பரம்பரையின் பங்கு கொஞ்சம் உண்டு. ஆனால் ஒரே கருவில் பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தாலும் மற்றவருக்கு வரும் வாய்ப்பு சுமார் நாலில் ஒன்றுதான். எப்ஸ்டீன்-பார் வைரஸைத்தான் இப்போது பலமாகச் சந்தேகிக்கிறார்கள். 1 கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படைவீரர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2022-இல் வந்த ஆய்வு, அந்த வைரஸ் தொற்றியபின் எம்.எஸ். அபாயம் 32 மடங்கு கூடுகிறது என்றது. அந்த வைரஸ் நம்மில் கிட்டத்தட்ட எல்லோர் உடம்பிலும் இருக்கிறது. எனவே அது மட்டும் போதாது.

கேசரிப் பருப்பு தின்றால் கால் விழுமாமே, அதுவும் இதுதானா?

இது நல்ல கேள்வி, கேட்டது ஒரு மளிகைக் கடைக்காரர். எம்.எஸ். இல்லை, ஆனால் பங்காளி. கேசரிப் பருப்பில் ஓடாப் என்ற நச்சு இருக்கிறது. அது குளூட்டமேட்டின் வேஷம் போட்டு ஆம்பா ஏற்பியைத் தட்டும். பஞ்ச காலத்தில் மாதக்கணக்கில் அதையே தின்றவர்களுக்குக் கால்கள் விறைத்து, கத்தரி மாதிரி பின்னி நடக்க வேண்டிவரும். அங்கே அடிபடுவது அசைவுக்கான நரம்புச் செல்கள், மயலின் மீதான எதிர்ப்புத் தாக்குதல் அல்ல. 1961-இல் இந்தியாவில் விற்பனைக்குத் தடை வந்தது.

தை மாதம் அறுப்புக்குப் பத்து நாள் முன்னால் சம்பா தாளுக்கு நடுவே ஈரத்தில் உளுந்தும் பயறும் தெளிக்கிறோமே, பீகார், வங்காளப் பக்கம் அதே மாதிரி நெல்லுக்கு நடுவே கேசரியைத் தெளிப்பார்கள். நம் முன்னோர் உளுந்தைத் தேர்ந்தெடுத்தது நம் கால்களுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். துவரம் பருப்பில் கலப்படமாக வரலாம். கோடாலி முனை மாதிரி கோணலாக இருந்தால் பொறுக்கிப் போடுங்கள்.

வெயிலில் ஏன் இவ்வளவு படுத்துகிறது?

அக்னி நட்சத்திரத்தில் எங்கள் பெண் கொல்லைக்கும் கூடத்துக்கும் நடுவே நின்றுவிடுவாள். கண் மங்கும், கால் கனக்கும். ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டு ஃபேன் அடியில் அரை மணி உட்கார்ந்தால் திரும்பிவிடும். 1890-இல் வில்ஹெம் உத்தாஃப் என்ற கண் மருத்துவர் எழுதிவைத்த விஷயம் இது. மயலின் தேய்ந்த இழையில் செய்தி ஏற்கெனவே தத்தித் தத்தித்தான் போகிறது. உடம்புச் சூடு அரை டிகிரி ஏறினாலே சில இழைகளில் அறுந்துவிடும். இது புதுத் தாக்குதல் இல்லை, புதுப் புண்ணும் இல்லை. காய்ச்சலிலும் இப்படி ஆகும். ஆனால் ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் போக வேண்டும்.

பயிற்சி செய்தால் மயலின் வளருமா?

ஓரளவு தானாகவே வளரும், வயது ஏற ஏறக் குறையும். படிகள் ஒழுங்கில்லாமல் அமைந்த ஒரு சக்கரத்தில் எலிகளை ஓடவிட்டு 2014-இல் பார்த்தார்கள். புது ஒலிகோடெண்ட்ரோசைட் உருவாக்க முடியாதபடி செய்த எலிகள் அந்த ஓட்டத்தைச் சரியாகக் கற்கவில்லை. கற்பதும் மயலினும் பின்னிக் கிடக்கின்றன என்று தெரிகிறது. மனிதருக்கு, அதுவும் எம்.எஸ். உள்ளவருக்கு, இத்தனை நாள் பயிற்சிக்கு இத்தனை மயலின் என்று கணக்குச் சொல்ல முடியாது. நடை, தசை, அசதி ஆகியவற்றுக்குப் பயிற்சி உதவும். வெயில் ஏறுமுன் செய்ய வேண்டும்.

எங்கள் பெண்ணுக்கு இரண்டாவது தாக்குதலில் வலது கை விரல்கள் மரத்துப்போயின. கோலமாவு விரலிடுக்கில் நிற்காமல் கொட்டியது. முதல் மாதம் மூன்று புள்ளி நேர்வரிசை, அதையும் அவள் அம்மா அழித்துத் திரும்பப் போடுவார். "அழிக்காதீங்கம்மா, கோணலா இருந்தாலும் இருக்கட்டும்" என்று ஒரு நாள் சண்டை போட்டாள். மார்கழி முழுக்க விடிகாலைக் குளிரில் போட்டுக்கொண்டே இருந்தாள். மயலினா, மருந்தா, பிடிவாதமா, எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இந்தத் தையில் வாசலில் ஏழு புள்ளி சிக்குக் கோலம். ஒரு மூலையில் மட்டும் இழை கொஞ்சம் தடித்திருந்தது.